'ராஜிநாமா' என்ற சொல்லுக்கு நேரே

அப்பாவின் தட்டச்சுக் கடையில் வேலை செய்த அவர், மிராசுதாரிடம் கை நீட்டிவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினார்கள். பதினோரு குத்தகைக் குடும்பங்கள் ஒரு காகிதத்தில் பெருவிரல் ரேகை வைத்ததற்கு அவருடைய வாய்ச்சொல்லே காரணம் என்றும், அதற்குப் பிரதியாக அவர் எதையோ பெற்றுக்கொண்டார் என்றும் அப்பா சொன்னார். அம்மா அதற்கு ஆதாரம் காட்டினார். ஆதாரம் ஒரு குடை. அந்த ஐப்பசியில் அவர் கைப்பிடி வளைந்த புதுக் குடை ஒன்று வாங்கியிருந்தார். நாலு வருடமாகத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மழையில் வந்தவருக்குத் திடீரென்று குடை எப்படி முளைத்தது என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு வீட்டில் எவரும் பதில் தேடவில்லை. கேள்வியே பதிலாக நிலைத்துவிட்டது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டு அனுமதி வாங்க அவர் இல்லை. அனுமதியில்லாத ஒன்றைக் காகிதத்தில் ஏற்ற அவர் சம்மதித்திருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு தாலுகா ஊரில், ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில், அப்பா தட்டச்சுக் கடை வைத்திருந்தார். இரண்டு தமிழ் மெஷின், ஓர் ஆங்கில மெஷின், மனுக்காரர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு. அவ்வளவுதான் கடை. அப்பாவுக்கு வெளிவேலை அதிகம். கோர்ட்டுக்கும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கும் நடந்துகொண்டிருப்பார். மெஷின்களில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பெண்ணும் நானும். அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தார். கணவர் இருக்கிறாரா, விட்டுவிட்டாரா, இறந்துவிட்டாரா என்று ஊர் மூன்று விதமாகப் பேசியது. அவர் எதையும் மறுக்கவில்லை. நான் பள்ளி இறுதி முடித்து, தமிழ்த் தட்டச்சில் கீழ்நிலைத் தேர்வு எழுதிவிட்டு, மேற்கொண்டு படிக்க வைக்காத கோபத்தோடு கடைக்கு வந்துகொண்டிருந்தேன். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். மனுக்காரர்கள் அவரை டைப்பம்மா என்பார்கள், என்னைப் பாப்பா என்பார்கள்.

அவரிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. பதிலுக்கு முன்னால், அந்தப் பதில் அவருக்கு எந்த வழியாக வந்தது என்பது வரும்.

"டைப்பம்மா, மன்னார்குடி வண்டி போயிட்டுதா?"

"போயிட்டுதுன்னு டீக்கடையில சொல்றாங்க. நான் பாக்கல."

"போச்சா, போவலியா?"

"டீக்கடைக்காரர் பாத்தாரான்னு கேளுங்க. அவரு உள்ள பாலு காய்ச்சிக்கிட்டு இருந்தாரு."

"வண்டி போச்சான்னு கேட்டா, பாலு காய்ச்சுனதைச் சொல்லுது இந்தம்மா!" என்று அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். வண்டி புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா அதை எதிர்பார்த்தவராகவும் இல்லை; மெஷினின் அச்செழுத்துகளை ஊசியால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். 'ண' எழுத்தின் சுழியில் மை அடைத்துக்கொண்டால் அது 'ன' மாதிரி விழும், அப்புறம் ஒருவரின் ஊர்ப்பெயரே மாறிவிடும் என்பது அவருடைய கவலை.

இந்தக் குணம் கடைக்கு லாபமா நஷ்டமா என்று அப்பாவால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை. மற்றக் கடைகளில் மனுக்காரர் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் கடையில் மனுக்காரர் சர்வே எண்ணைச் சொன்னால் அக்கா, "ரசீது வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். ரசீது வீட்டில் இருக்கிறது என்றால் எடுத்து வரச் சொல்வார். "மனு அடிக்க வந்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்குது" என்று சிலர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

ஒருமுறை ஒரு கிழவர் இரண்டாம் தடவையாக மனு எழுத வந்தார். முதல் மனுவை, அப்படி ஓர் உட்பிரிவே இல்லை என்று ஆபீஸில் தள்ளிவிட்டார்கள். அந்த மனுவை அடித்தவர் அப்பாதான். அக்கா பழைய வரி ரசீதைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கர்ணம் அந்தக் காலத்துத் தமிழ் எண்களில் எழுதியிருந்தார். தமிழில் எட்டு என்ற எண் அகரம் போலவே இருக்கும். உட்பிரிவு எட்டு என்று கர்ணம் எழுதியிருந்ததை, உட்பிரிவு 'அ' என்று அப்பா படித்திருந்தார். கிழவரின் நிலம் எட்டு மாதமாக இல்லாத ஓர் எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா புது மனுவைத் திருத்தி அடித்துக் கொடுத்தார். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கிழவர் சொல்லிவிட்டார்.

"இருவது வருஷமா மனு அடிக்கிறேன்" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

"ஆமாங்க" என்றார் அக்கா. அதற்கு மேல் அவர் ஒரு சொல் சேர்த்திருந்தால் அப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சேர்க்கவில்லை.

அவருடைய இந்த வழக்கத்தில் ஈரம் குறைவு என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதுண்டு. எங்கள் தெருவில் ஒருவருடைய மகன் வடக்கே ராணுவத்தில் இருந்தான். தந்தி வந்தது. டீக்கடையில் ஒருவர் படித்து, பையன் போய்விட்டான் என்று சொல்லிவிட்டார். வீட்டில் பெண்கள் மாரடித்து அழத் தொடங்கினார்கள். அக்கா அந்த வழியாக வந்தவர், கும்பலுக்குள் நுழைந்து, "தந்தியைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தந்தியில் 'சீரியஸ்' என்றுதான் இருந்தது. அவர் அதைச் சொன்னார். தகப்பனார் அன்று மாலையே ரயிலேறினார். அவர் போய்ச் சேர்வதற்குள் மகன் இறந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அக்காவின் நாக்கைப் பற்றி ஒரு பேச்சு உண்டாயிற்று. அழுதவர்களை அவமானப்படுத்தினாள் என்றார்கள். அவள் வாய் வைத்ததால்தான் போனான் என்றும் சொன்னார்கள். மூன்று நாள் முன்னதாகவே அழுதுவிட்டதைப் பற்றி எவரும் பேசவில்லை.

"உங்களுக்கு எதுக்குக்கா அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கறவனுக்கு அழுதுக்கிட்டு இருந்தாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. ஆபீஸ்களில் சொற்கள் மாறிக்கொண்டிருந்தன. ஜில்லா மாவட்டமாயிற்று. தாசில்தார் வட்டாட்சியரானார். மகா-ள-ள-ஸ்ரீ போய்த் திரு வந்தது. அச்சடித்து வரும் படிவங்களெல்லாம் புதுத் தமிழில் இருந்தன. மிராசுதார்களின் மரப்பெட்டிகளிலிருந்து வரும் காகிதங்களெல்லாம் பழைய பாரசீகச் சொற்களில் இருந்தன. நிலத்தை உழுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் படிக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். நீளவாக்கில் தைத்த, கோடு போடாத நோட்டு. ஒரு சொல், அதற்கு நேரே பொருள், அதற்குக் கீழே சிறிய எழுத்தில், அந்தப் பொருள் எங்கே கிடைத்தது என்ற குறிப்பு. 'பார்த்தது' என்றோ 'கேட்டது' என்றோ அந்தக் குறிப்பு முடியும். கேட்டது என்றால் யார் சொல்லக் கேட்டது என்பதும் இருக்கும். மெஷினுக்கு வலப்பக்கம், கார்பன் தாள் அட்டைக்கு மேலே அந்த நோட்டு எப்போதும் கிடக்கும். நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். மீன் வாங்கினால்கூட எந்தக் கடலில் பிடித்தது என்று எழுதி வைப்பீர்களா என்று கேட்டிருக்கிறேன். "அதைக் கேட்டுத்தான் வாங்குவேன்" என்றார் அவர்.

குத்தகைக்காரர் மருதமுத்துவை அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, வாய்க்கால் கரையில் ஒரு தெருவில் பதினோரு குடும்பங்கள் இருந்தன. எல்லோரும் ஒரே மிராசுதாரின் நிலத்தைத் தகப்பன் காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்தவர்கள். அவர்களுக்கு எது நடந்தாலும் மருதமுத்துதான் ஊருக்குள் வந்து விசாரித்துப் போவார். எங்கள் கடைக்கு வந்தால் வாசலிலேயே நிற்பார். அப்பா அவரை 'வாடா' என்பார். அக்கா, "உள்ள வாங்க, பெஞ்சுல உக்காருங்க" என்பார். அவர் உட்காராமல் பெஞ்சின் முனையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். அது இருவருக்குமிடையே ஓர் உடன்பாடு போல இருந்தது.

சாகுபடி செய்கிறவரின் பெயரை அரசாங்கமே பதிவு செய்துகொள்ளும் என்ற சட்டம் வந்த புதிது. பதிவாகிவிட்டால் நிலத்தைவிட்டு எளிதில் எழுப்ப முடியாது. அந்த ஆவணியில் மருதமுத்து கடைக்கு வந்தார். முகத்தில் மகிழ்ச்சியும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

"டைப்பம்மா, மிராசுதாரு எறங்கி வந்துட்டாரு. சண்டை வேணாம், ராஜியாப் போயிடலாம்ங்கிறாரு. குடியிருக்கிற மனையை ஆளுக்கு மூணு சென்ட்டு எழுதித் தர்றாராம். நாங்க ராஜிநாமால ரேகை வைக்கணுமாம். அவரோட காரியஸ்தர் முத்திரைத்தாள் வாங்கியாச்சுன்னு சொல்லிட்டாரு."

"காகிதத்தை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தா மட்டும்? எனக்கு எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும்."

"யாரும் படிச்சுக் காட்டினாங்களா?"

"கட்சி ஆபீஸ்ல கேட்டேன். நம்ம ஆட்சிதானே நடக்குது, நம்மளை மீறி என்னய்யா எழுதிடுவான்னாரு வட்டச் செயலாளரு."

"வட்டம் காகிதத்தைப் பாத்தாரா?"

மருதமுத்து சிரித்துவிட்டார். "இல்லம்மா. யாருமே பாக்கல. நீங்க சொல்லுங்க. ராஜிநாமான்னா சமாதானப் பத்திரம்தானே?"

அக்கா நோட்டைப் புரட்டினார். நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். 'இல்லை' என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் பொறுப்பு முடிந்திருக்கும்.

"கோர்ட்டுக் காகிதத்துல பாத்திருக்கேன். அங்க சமாதானம்தான். நிலக் காகிதத்துல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நான் பாத்ததில்ல. தஞ்சாவூர்ல ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்காரு, பழைய ரெவின்யூ புஸ்தகம் வச்சிருக்காரு. போய்ப் பாத்துட்டு வந்து வெள்ளிக்கிழமை சொல்றேன். அது வரைக்கும் யாரும் ரேகை வைக்காதீங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே? இருக்கோம்."

அன்று திங்கட்கிழமை. செவ்வாயும் புதனும் பட்டா மாறுதல் மனுக்கள் குவிந்து கிடந்தன; அப்பா அவருக்கு லீவு தரவில்லை. வியாழக்கிழமை காலையில் அவர் தஞ்சாவூர் போனார். குமாஸ்தா கோர்ட்டிலிருந்து திரும்பி வரும்வரை மாலை ஆறு மணி வரைக்கும் ஒரு வராந்தாவில் காத்திருந்தாராம். அங்கிருந்து கடைசி பஸ் போய்விட்டதால், தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை திரும்பினார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மருதமுத்து கடைக்கு வந்தார். அப்பா கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். கார்பன் தாள் மாற்றிக்கொண்டிருந்தேன். விரல்களெல்லாம் நீலமாக இருந்தன.

"டைப்பம்மா இல்லையா?"

"தஞ்சாவூர் போயிருக்காங்க. நாளைக்குத்தான் வருவாங்க."

அவர் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டார். "காரியஸ்தர் தெருவுல வந்து உக்காந்துட்டாரு பாப்பா. மிராசுதாரு நாளைக்கு மெட்ராஸ் போறாராம். இன்னைக்கு வச்சா மனை உண்டு, இல்லாட்டி சண்டைதான்ங்கிறாரு. மத்தவங்கள்லாம் வச்சுடலாம்ங்கிறாங்க. நான் ஒருத்தன்தான் டைப்பம்மா வரட்டும்னு பிடிச்சு வச்சிருக்கேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீயும் படிச்ச புள்ளதானே. ராஜிநாமான்னா என்ன பாப்பா?" என்றார்.

படித்த பிள்ளை என்று என்னை அந்தக் கடையில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பேப்பரில் மந்திரிகள் செய்யும் ராஜிநாமாதான் எனக்குத் தெரியும்; வயலுக்கு அது பொருந்தாது என்று எழுந்து அக்காவின் நோட்டை எடுத்தேன். அகர வரிசையில் இல்லாத அந்த நோட்டில் தேடிப் பிடித்தேன். ராஜிநாமா என்ற சொல்லுக்கு நேரே 'சமாதானம்' என்று அழகான எழுத்தில் இருந்தது.

"சமாதானம்தான். அக்கா நோட்டுலயே போட்டிருக்காங்க" என்றேன்.

"நோட்டுல இருக்கா?"

"இதோ இருக்கு பாருங்க." எழுத்துத் தெரியாதவரிடம் திருப்பிக் காட்டினேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சொல்லுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்ததை நான் மறுநாள்தான் படித்தேன். 'பாகப்பிரிவினை வழக்கு, கோர்ட்டுக் காகிதம். பார்த்தது. நிலக் காகிதத்தில் பார்க்கவில்லை. விசாரிக்க வேண்டும்.'

வெள்ளிக்கிழமை காலை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கடைக்கு வரவில்லை. நேரே வாய்க்கால் கரையோடு மூன்று மைல் நடந்து அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார். பதினோரு குடும்பமும் முந்தின நாள் மத்தியானமே ரேகை வைத்துவிட்டிருந்தன. கட்டைவிரல் மையைத் தலையில் தடவிக்கொண்டு, காரியஸ்தர் கொடுத்த வெற்றிலையைப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர் அங்கே என்ன சொன்னார் என்பதை நான் பார்க்கவில்லை. கடைக்குத் திரும்பி வந்தபோது சேலைக் கரையெல்லாம் சேறாக இருந்தது. உட்கார்ந்து, நோட்டை எடுத்து, அந்தச் சொல்லுக்கு நேரே இரண்டாவது பொருளை எழுதினார். 'நிலத்தின் பாத்தியதையைத் தானே முன்வந்து விட்டுவிடுதல். பழைய ரெவின்யூ புத்தகம். பார்த்தது.'

எழுதிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நீலமாக ஒரு விரல் தடம் இருந்தது.

"இந்த நோட்டை எடுத்தியா?"

"இல்லக்கா."

அவர் என் கையைப் பார்க்கவில்லை. "சரி" என்று சொல்லி நோட்டை மூடினார்.

புரட்டாசியில் பதிவு அதிகாரி அந்த ஊருக்கு வந்து விசாரணை நடத்தினார். நாங்கள்தான் சாகுபடி என்று பதினோரு பேரும் சொன்னார்கள். காரியஸ்தர் எழுந்து முத்திரைத்தாளை நீட்டினார். குத்தகைப் பாத்தியதையைத் தாங்களே மனப்பூர்வமாக விட்டுவிட்டதாகவும், நிலத்தின் சுவாதீனத்தை மிராசுதாரிடம் ஒப்படைத்துவிட்டதாகவும் அதில் இருந்தது. ரேகை உங்களுடையதுதானா என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றார்கள். சமாதானம் என்று சொல்லித்தானே ரேகை வாங்கினார்கள், அது ராஜிக் காகிதம்தானே என்று மருதமுத்து கேட்டார். ஆமாம், ராஜிநாமா என்றுதான் போட்டிருக்கிறது என்று அதிகாரி சொன்னார். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். மூன்று சென்ட் மனையைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் இல்லை.

ஐப்பசியில் மருதமுத்து தன் நாற்றைப் பறித்துத் தன் வயலில் நட்டார். அதை இனி அவருடைய வயல் என்று எழுதக்கூடாது. நட்ட மூன்றாம் நாள் டிராக்டரை விட்டு உழுதார்கள். குறுக்கே போய் விழுந்தவரைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அத்துமீறி நுழைந்தது, காரியஸ்தரை அடித்தது என்று வழக்கு. அடித்தாரா என்பது எனக்குத் தெரியாது. திருச்சி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கார்த்திகை மாதத்தில் அவருடைய மனைவி அஞ்சலை கடைக்கு வந்தார். ஜாமீன் மனுவுக்காக வந்தவர், மனுவைப் பற்றிப் பேசாமல் வாசலில் நின்றுகொண்டு அழுதார். அப்பா இருந்தார், அக்கா இருந்தார், நான் இருந்தேன்.

"உங்க கடையில கேட்டுக்கிட்டுத்தானய்யா ரேகை வச்சோம். சமாதானம்னு சொன்னாங்களே. நோட்டுல இருக்குதுன்னு சொன்னாங்களாமே."

அப்பாவின் முகம் மாறியது. "எந்தக் கடையில? இங்கயா? யாரு சொன்னது?"

"டைப்பு அடிக்கிற பொண்ணு சொல்லிச்சுன்னாரு."

அந்தக் கடையில் டைப்பு அடிக்கிற பெண்கள் இரண்டு பேர் இருந்தோம். அப்பா ஒருவரைத்தான் பார்த்தார்.

"நீ சொன்னியா?"

"நான் சொல்லலிங்க."

"நோட்டு உன் நோட்டு. வேற யாரு சொல்லியிருப்பா?"

மெஷினில் பாதி அடித்த தாள் நின்றிருந்தது. அக்கா அதை நிமிர்த்தி ஒழுங்காக வைத்தார். "அன்னைக்கு நான் இங்க இல்ல. தஞ்சாவூர்ல இருந்தேன். யார் சொன்னதுன்னு நான் பாக்கல. பாக்காததைச் சொல்ல மாட்டேன்."

"தஞ்சாவூர்ல யாரைப் பாக்கப் போன? மிராசுதாரோட வக்கீலயா?"

அக்கா மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அப்படி ஒன்றுமில்லை. பேச முடிந்தது, பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவர் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொற்றொடர்தான். அந்த விரல் தடத்தை அவர் பார்த்திருந்தார். ஆனால் தடத்தைப் பார்ப்பது வேறு, நான் பேசியதைப் பார்ப்பது வேறு என்று அவருடைய மனம் பிரித்துவிட்டது. அது என்மீது கொண்ட அன்பா, அவருடைய வழக்கத்தின் பிடிவாதமா என்று இத்தனை வருடமாக யோசித்துவருகிறேன். அன்பு என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

"நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் அப்பா.

அக்கா பாதியில் நின்ற தாளை உருவிவிட்டு, அஞ்சலையின் ஜாமீன் மனுவை அடித்து முடித்தார். அஞ்சலையிடம் கைதியின் தகப்பன் பெயரை இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தார். தாளை உருவி, கார்பன் நகலைப் பிரித்து, இரண்டையும் அவர் கையில் கொடுத்தார். மெஷினுக்கு உறை போட்டார். நோட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வெளியே நல்ல தூறல். குடை விரித்தாரா என்பதை நான் பார்க்கவில்லை, குனிந்துகொண்டிருந்தேன்.

ஒரு வாரத்துக்குள் அந்த ஒற்றை அறையும் காலியாகிவிட்டது. நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறார் என்று ஒருவர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். திருமணமாகி நூலகப் பணியில் சேர்ந்த பிறகு, அந்த இரண்டு விலாசங்களுக்கும் கடிதம் எழுதினேன். ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்று திரும்பி வரவும் இல்லை, அதற்குப் பதிலும் இல்லை.

பதினைந்து வருடம் கழித்து அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நீ சின்னப் புள்ள, உனக்கென்ன தெரியும்? சரி, அப்ப அந்தக் குடை?" என்றார்.

அஞ்சலையிடம் சொல்வதற்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. பணி ஓய்வுக்குப் பிறகுதான் அந்தத் தெருவுக்குப் போனேன். வாய்க்காலில் சிமெண்டுக் கரை கட்டியிருந்தார்கள். நடவு முடிந்து திரும்பியவர் போல, முழங்கால்வரை சேறு காய்ந்த காலோடு, ஓட்டு வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். எழுபது கடந்திருக்கும். மருதமுத்து ஜெயிலிலிருந்து நெஞ்சு நோயோடு வந்து இரண்டு மழைக்காலம்தான் இருந்தார் என்று சொன்னார். நான் யார் என்று சொன்னேன். பிறகு, வெகுகாலமாக மனத்துக்குள் அடித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்குச் சமாதானம்னு சொன்னது நான்தாம்மா. டைப்பம்மா இல்ல."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியுமே."

"தெரியுமா?"

"அவரு அன்னைக்குக் கடையிலேருந்து வந்ததுமே சொன்னாரே, கடைக்காரரு மக நோட்டைப் பாத்துச் சொல்லிச்சுன்னு."

"அப்புறம் ஏம்மா அன்னைக்கு..."

"உங்க அப்பா முன்னாடி உங்க பேரைச் சொல்லிட்டு, ஜாமீன் மனுவை எங்க போய் அடிக்கிறது? அந்த ஊர்ல எங்களை வாசப்படி ஏத்துன கடை அது ஒண்ணுதான். டைப்பு அடிக்கிற பொண்ணுன்னு மட்டும் சொன்னேன். அந்தம்மா என்னைப் பாத்துச்சு. எனக்குத் தெரியும்னு அதுக்கும் தெரிஞ்சு போச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்." காலில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டே, "மனுவை நல்லாத்தான் அடிச்சுக் குடுத்துச்சு. ஜாமீன்தான் கெடைக்கல" என்றார்.

உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

பதினோரு குடும்பங்களில் ஒன்பது அந்தத் தெருவைவிட்டு எப்போதோ போய்விட்டன. மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்று அஞ்சலையுடையது. அவர் அதே நிலத்தில் நாள்கூலிக்கு நடவு நடுகிறார். அன்று கடையில் இருந்த நால்வரில் அப்பா இப்போது இல்லை. அக்கா இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அஞ்சலை இருக்கிறார். நான் இருக்கிறேன்.